நகரசபைச் சதுக்கத்து ஆமை யாருக்காக நிற்கிறது?

டொரண்டோவின் நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் ஆமைச் சிலையைப் பார்த்துவிட்டு, உறைவிடப் பள்ளிகளில் உயிர்பிழைத்த பூர்வகுடி மக்களை நினைவுகூரும் கலைப்படைப்புகளில் முக்கியமானவை எவை, எங்கே பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அது முன்பாதி. உங்களை உண்மையில் உறுத்துவது கடைசி வரியில் இருக்கிறது: குற்றம் செய்த அரசே பணம் கொடுத்துச் சிலை வைத்தால் அது நினைவா, அல்லது பரிகாரம் செய்துவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்வதா? அந்த வரிக்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன். படைப்புகளின் பெயர்கள் வழியில் தாமாக வந்துவிடும்.

நான் கனடாவில் அருங்காட்சியகப் பொருட்களைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் தொழிலில் பல ஆண்டுகள் இருந்தவன். பூர்வகுடி அல்லன். அந்தப் பள்ளிகளில் வளர்ந்தவர்கள் ஒரு சிலையின் முன் நிற்கும்போது அவர்களுக்கு என்ன ஆகிறது என்பதை அவர்கள் சார்பில் சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஒரு படைப்பு எப்படி உருவானது, யார் கையில் இருக்கிறது, என்ன நிபந்தனையில் இருக்கிறது என்பதைச் சொல்ல முடியும். உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும் என்பது என் கருத்து. சிலை அழகாக இருக்கிறதா என்பதை வைத்து இந்தக் கேள்வியைத் தீர்க்க முடியாது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1831இல் ஒன்டாரியோவின் பிரான்ட்ஃபோர்டில் மோஹாக் நிறுவனம் என்ற பள்ளி பிள்ளைகளைத் தங்கவைக்கத் தொடங்கியதிலிருந்து 1990களின் பிற்பகுதி வரை, முதற்குடிகள், இனுயிட், மெட்டி என்ற மூன்று பூர்வகுடிப் பிரிவுகளின் 1,50,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் குடும்பத்திடமிருந்து பிரிக்கப்பட்டு இத்தகைய உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்டார்கள். பணம் அரசுடையது, நடத்தியவை கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், யுனைடெட், பிரஸ்பிட்டேரியன் திருச்சபைகள். 1920இல் வந்த சட்டத் திருத்தம் பிள்ளைகளை அனுப்ப மறுக்கும் பெற்றோரைத் தண்டிக்க வழி செய்தது. தலைமுடியை வெட்டினார்கள், தாய்மொழியில் பேசினால் அடித்தார்கள். பட்டினி, நோய், பாலியல் வன்முறை எல்லாம் நடந்தன. வின்னிப்பெக்கில் உள்ள உண்மை மற்றும் நல்லிணக்கத்துக்கான தேசிய மையத்தின் பதிவேட்டில் இறந்த பிள்ளைகளின் பெயர்கள் மட்டும் 4,000க்கு மேல் இருக்கின்றன.

இப்போது பணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் ஐயம் அதிலிருந்துதான் பிறக்கிறது. அரசு ஒருநாள் மனம் உருகிப் பெட்டியைத் திறக்கவில்லை. உயிர்பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் வழக்குப் போட்டார்கள். அந்தக் கூட்டு வழக்குகளின் முடிவில் ஏற்பட்ட உடன்படிக்கை 2007இல் நடைமுறைக்கு வந்தது. ஊர் ஊராகப் போய் உயிர்பிழைத்தவர்களின் சாட்சியத்தைக் கேட்ட உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அந்த உடன்படிக்கையின் ஒரு பிரிவு. நினைவேந்தல் பணிகளுக்கு ஒதுக்கப்பட்ட 2 கோடி டாலரும் அதே உடன்படிக்கையில்தான் இருந்தது. ஆகவே இந்தக் கலைப்படைப்புகளில் கணிசமானவை வாதிகள் வழக்கின் மூலம் வென்றெடுத்த பணத்தில் செய்யப்பட்டவை. பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது இதற்குப் பின்னர், 2008 ஜூன் 11 அன்று. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொண்டால் பல விஷயங்கள் தெளிவாகும்.

நீங்கள் கேட்ட பட்டியலில் வழக்கமாக வராத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். அது நினைவுச்சின்னமாகச் செய்யப்பட்டதே அல்ல. வான்கூவர் தீவில் ஆல்பர்னி உறைவிடப் பள்ளி என்று ஒன்று இருந்தது. அதன் முன்னாள் விடுதிக் கண்காணிப்பாளர் ஒருவர் சிறுவர்கள்மேல் செய்த பாலியல் குற்றங்களுக்காக 1995இல் 11 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்; எப்படிப்பட்ட இடம் என்பதற்கு அது போதும். அதே பள்ளிக்கு 1950களின் முடிவிலிருந்து ராபர்ட் ஆலர் என்ற ஓவியர் தன்னார்வலராக வந்து பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தார். எதையும் பார்த்து வரையச் சொல்லவில்லை. மனதில் இருப்பதை வரையச் சொன்னார். பிள்ளைகள் கடலை வரைந்தார்கள், விலங்குகளை வரைந்தார்கள், பள்ளிக்கு வெளியே இருந்த தங்கள் ஊரை வரைந்தார்கள். ஆலர் அவற்றைத் தூக்கி எறியாமல், வரைந்த பிள்ளைகளின் பெயரோடு சாகும்வரை வைத்திருந்தார். 2008இல் அவர் இறந்தபின் அந்தத் தொகுப்பு விக்டோரியா பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தது.

ஒரு பல்கலைக்கழகம் இப்படி ஒரு புதையல் கிடைத்தால் வழக்கமாக என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்: எண் போடும், அமிலமற்ற பெட்டியில் வைக்கும், கட்டுரை எழுதும். மானுடவியலாளர் ஆண்ட்ரியா வால்ஷ் பூர்வகுடி மூத்தோரையும் உயிர்பிழைத்தவர்களையும் கலந்துகொண்டு வேறு வழியில் போனார். ஓவியத்தின் பின்னால் இருந்த பெயர்களைப் பிடித்துக்கொண்டு, வரைந்தவர்களையும் அவர்கள் குடும்பங்களையும் தேடினார்கள். 2013 மார்ச்சில் போர்ட் ஆல்பர்னியில் விருந்தும் சடங்குமாகக் கூட்டம் கூட்டி, ஓவியங்களை உரியவர் கையிலேயே கொடுத்தார்கள். தாத்தா பாட்டி வயதில் இருந்தவர்கள் தாங்கள் சிறுபிள்ளையாக வரைந்த படத்தை வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அது வீட்டுச் சுவரில் தொங்குவதா, மற்றவர்கள் பார்க்கக் கொடுப்பதா என்று அவர்கள் முடிவு செய்தார்கள். சிலர் கண்காட்சிக்குக் கொடுத்தார்கள். என் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த வரிசை தலைகீழானது. நாங்கள் முதலில் வாங்கிப் பூட்டிவிட்டு, பிறகு அனுமதி கேட்கப் பழகியவர்கள்.

அடுத்தது, பட்டியல்களில் எப்போதும் முதலிடத்தில் வரும் 'சாட்சிப் போர்வை'. இந்தப் புகழுக்கு அது முழுத் தகுதியானது. மேற்குக் கரைப் பூர்வகுடிகளான குவாக்குவாக்கவாக்கு, கோஸ்ட் சேலிஷ் மரபுகளில் வந்த கேரி நியூமன் அதைச் செய்தார். அவருடைய தந்தை உறைவிடப் பள்ளியில் படித்தவர். நினைவேந்தல் நிதியைப் பெற்று, ஒரு குழுவை அனுப்பி, நாடு முழுவதும் பள்ளிகள், தேவாலயங்கள், அரசுக் கட்டடங்கள், பூர்வகுடிச் சமூகக் கட்டடங்கள் ஆகியவற்றிலிருந்து 800க்கும் மேற்பட்ட பொருட்களைச் சேகரித்தார்கள். செங்கல், உடைந்த வண்ணக் கண்ணாடி, கடிதம், புகைப்படம், விளையாட்டுக் கோப்பை என்று கையில் கிடைத்ததெல்லாம் உண்டு. அலர்ட் பேயின் செயின்ட் மைக்கேல் பள்ளி மருத்துவ அறையின் கதவு நடுவில் நிற்கிறது. யூகான் பகுதியில் கார்கிராஸ் என்ற ஊரில், இடிக்கப்பட்ட பள்ளிக்கு அருகில் காட்டுக்குள் கிடந்த ஒரு குழந்தையின் தோல் காலணி இருக்கிறது. நியூமனின் சகோதரிகள் தங்கள் பின்னலை வெட்டிக் கொடுத்தார்கள். பள்ளி வாசலில் வெட்டப்பட்ட முடிக்கெல்லாம் அது பதில். இவை எல்லாவற்றையும் சிடார் மரச்சட்டங்களில் பொருத்தி, ஏறத்தாழ 12 மீட்டர் நீளத்துக்கு, நெய்த போர்வையைப் போன்ற அமைப்பில் 2014இல் முடித்தார். மேற்குக் கரை மக்களிடையே ஒருவருக்குப் போர்வை போர்த்துவது அவரைப் பெருமைப்படுத்தும், பாதுகாக்கும் செயல்.

பாதுகாப்பாளர் கண்ணில் அது ஒரு கெட்ட கனவு என்பதையும் சொல்லவேண்டும். முடி, தோல், காகிதம், இரும்பு, கண்ணாடி ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஈரப்பதம் தேவை. இரும்புக்கு நல்ல வறட்சி தோலை வெடிக்கவைக்கும். நாடு சுற்றிக் காட்டியதில் அது நலிந்தும் போனது. அதனால் மூலத்தை வின்னிப்பெக்கில் உள்ள கனடிய மனித உரிமைகள் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் வைத்துவிட்டு, இப்போது ஒரு பிரதியைத்தான் ஊர் ஊராக அனுப்புகிறார்கள்.

ஆனால் இந்தப் படைப்பில் எனக்கு மிகப் பெரியதாகத் தெரிவது அந்த அருங்காட்சியகத்தோடு 2019இல் நியூமன் செய்துகொண்ட ஒப்பந்தம். அவர் அதை விற்கவில்லை. அருங்காட்சியகம் வாங்கவும் இல்லை. சாட்சிப் போர்வையைத் தனக்கென உரிமைகள் கொண்ட ஒன்றாக ஏற்று, கலைஞரும் அருங்காட்சியகமும் அதன் காப்பாளர்கள் என்று எழுதிக்கொண்டார்கள். எழுதியதோடு நிற்கவில்லை. வான்கூவர் தீவின் கோமொக்ஸ் மக்கள் சடங்குகள் நடத்தும் பெருவீட்டில், சாட்சிகளாக வந்தவர்கள் முன்னிலையில், வாய்மொழியாகவும் சடங்காகவும் அந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றினார்கள். காகிதத்தில் உள்ள சட்டத்துக்கும் வாய்மொழிச் சட்டத்துக்கும் சம மதிப்பு என்பது நிபந்தனை. ஏன் இவ்வளவு? காலணியும் கதவும் பின்னலும் வேறு வேறு மக்களிடமிருந்து நம்பிக்கையின் பேரில் பெற்றவை. அவற்றுக்குத் தான் 'உரிமையாளர்' என்று ஒருவர் சொல்லிக்கொள்வதில் பொருள் இல்லை என்று நியூமன் கருதினார். அரசின் பணத்தில் தொடங்கிய ஒரு படைப்பு அரசுக்குச் சொந்தமாகாமல் போகலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஆணையத்தோடு ஊர் ஊராகப் போன இன்னொன்று லூக் மார்ஸ்டன் 2009இல் செதுக்கிய வளைமரப் பெட்டி. ஒரே சிடார் பலகையில் மூன்று இடங்களில் வெட்டுத்தடம் போட்டு, ஆவியில் வேகவைத்து வளைத்து, நான்காவது மூலையை மட்டும் இணைத்துச் செய்யும் பழைய கடலோரக் கைவினை அது. மார்ஸ்டனின் பாட்டி கூப்பர் தீவு உறைவிடப் பள்ளியில் இருந்தவர். ஆணையத்தின் அமர்வுகளில் மக்கள் அந்தப் பெட்டியில் தங்களுடைய பொருட்களை வைத்தார்கள். இப்போது அது தேசிய மையத்தில் இருக்கிறது. அதே அமர்வுகளில் சாட்சி சொன்னவர்களும் கேட்டவர்களும் கண்ணீர் துடைத்த தாள்களைக் குப்பையில் போடாமல் சேகரித்து, புனித நெருப்பில் இட்டார்கள். அதை யாரும் கலை என்று பட்டியலிடுவதில்லை. எனக்கு அது ஒரு பெரிய நிகழ்த்துகலைக்குச் சமம். பாதுகாக்கவே முடியாது, பாதுகாக்கவும் கூடாது.

நாடாளுமன்றக் கட்டடத்தில் இருக்கும் வண்ணக் கண்ணாடிச் சன்னலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மெட்டி ஓவியர் கிறிஸ்டி பெல்கோர்ட் வரைந்தது, 2012 நவம்பரில் பொருத்தப்பட்டது. 2008 மன்னிப்பையும் உயிர்பிழைத்தவர்களையும் நினைவுகூரும் அந்தச் சன்னலில், நொறுங்கிய கண்ணாடி வடிவில் சிதறிய வாழ்க்கைகளும், குழந்தையை ஏந்திய தாயும், மீண்டெழும் சடங்குகளும் உண்டு. படைப்பைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அது உறுப்பினர்கள் நுழையும் வாசலுக்கு மேலே, அரசின் சொந்தச் சுவரில் இருக்கிறது; அந்த மையக் கட்டடமோ புதுப்பிப்புக்காக 2019 தொடக்கத்தில் மூடப்பட்டுவிட்டது. பரிகாரக் கணக்கு என்ற உங்கள் சந்தேகம் பொருந்தக்கூடிய இடம் ஏதாவது இருந்தால், இது அதற்குப் பக்கத்தில் வரும்.

பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக வளாகத்தில் 2017 ஏப்ரல் 1 அன்று நிறுத்திய நல்லிணக்கத் தூண் வேறு வகை. மேற்குக் கரைப் பூர்வகுடியான ஹைடா மக்களின் தலைவரும் சிற்பியுமான ஜேம்ஸ் ஹார்ட் செதுக்கியது. ஏறத்தாழ 17 மீட்டர் உயரம். நடுவில் ஒரு பள்ளிக் கட்டடம். அது ஹார்ட்டின் தாத்தா படித்த பள்ளியின் சாயலில் இருக்கிறது. அந்தப் பகுதி முழுவதும் ஆயிரக்கணக்கான செப்பு ஆணிகள், ஒவ்வொன்றும் இறந்த ஒரு பிள்ளைக்காக. அவற்றை அடித்தவர்களில் உயிர்பிழைத்தவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். வான்கூவர் போனால் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

தனி ஓவியர்களின் வேலையையும் விட்டுவிடாதீர்கள். டெனே ஓவியர் அலெக்ஸ் ஜான்வியே எட்டு வயதில் ஆல்பர்ட்டாவின் புளூ குவில்ஸ் பள்ளிக்குக் கொண்டுபோகப்பட்டவர். 2001இல் வரைந்த 'இரத்தக் கண்ணீர்' ஓவியத்தின் பின்புறத்தில், அந்தப் பள்ளியில் இழந்தவற்றை வரிசையாக எழுதி வைத்தார். சுவரில் மாட்டினால் தெரியாத பக்கம் அது. ராபர்ட் ஹூல் 2009இல் தன் சாண்டி பே பள்ளி நினைவுகளை 24 கோட்டோவியங்களாக அவசரக் கோடுகளில் இறக்கினார். கிரீ ஓவியர் கென்ட் மங்க்மனின் 'அலறல்' 2017இல் வந்தது: சிவப்புச் சீருடைக் காவலர்களும் பாதிரியார்களும் கன்னியாஸ்திரீகளும் தாய்களின் கையிலிருந்து பிள்ளைகளைப் பிடுங்கும் பெரிய ஓவியம். இப்போது டென்வர் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜான்வியேயும் ஹூலும் உள்ளே இருந்தவர்கள். தங்களுக்காகவே வரைந்ததுபோல் இருக்கும். மங்க்மன் பார்வையாளரை நோக்கி வரைகிறார், முக்கியமாக இதுவரை பார்க்க மறுத்தவர்களை நோக்கி. இரண்டும் வேண்டும்தான். ஆனால் இரண்டாவதை உயிர்பிழைத்த ஒரு பாட்டியிடம் முன்னெச்சரிக்கையின்றிக் காட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

2021 மேயில் நடந்ததைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கேதான் உறுதியும் ஐயமும் கலந்து கிடக்கின்றன. பிரிட்டிஷ் கொலம்பியாவின் கம்லூப்ஸ் உறைவிடப் பள்ளி வளாகத்தில் நிலத்தடி ராடார் சோதனையில் 215 பிள்ளைகளின் புதைகுழிகள் இருக்கலாம் என்று அந்த மண்ணின் செக்வெப்பெம்க் மக்கள் மே 27 அன்று அறிவித்தார்கள். மறுநாளே ஹைடா கலைஞர் தமரா பெல் வான்கூவர் கலைக்கூடப் படிகளில் 215 ஜோடிச் சிறு காலணிகளை வைத்தார். சில நாட்களில் நாடு முழுவதும் படிகளில் காலணிகள். ராடார் எலும்பைக் காட்டாது. மண் கலைந்திருப்பதைக் காட்டும். சோதனை செய்த நிபுணர் அதே ஆண்டு ஜூலையில் எண்ணிக்கையைச் சுமார் 200 என்று திருத்தினார். 215 உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன என்று பலர் எழுதியது தவறு. இதைப் பிடித்துக்கொண்டு 'எல்லாம் பொய்' என்று கிளம்பியவர்கள் அதைவிடப் பெரிய தவறு செய்கிறார்கள்: அந்த ஒரு பள்ளியில் 51 பிள்ளைகள் இறந்ததற்குத் தேசிய மையத்தில் ஆவணமே இருக்கிறது. நாடு முழுவதும் இறந்த பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலும் ராடாரை நம்பி எழுந்ததல்ல.

வான்கூவர் காலணிகளின் கதை இன்னொரு சங்கடத்தையும் காட்டியது. மஸ்குவீம், ஸ்குவாமிஷ், ஸ்லேல்-வாட்டூத் ஆகிய மூன்று முதற்குடிகளின் நிலத்தில், அவர்களிடம் முன்கூட்டிக் கேட்காமல் அது வைக்கப்பட்டது. துக்கத்தின் வேகத்தில் நடந்தது, புரிகிறது. ஆனால் எப்போது, யார், எந்தச் சடங்கோடு எடுப்பது என்பதில் பிறகு நீண்ட இழுபறி ஏற்பட்டது. வைப்பதற்கு ஒரு நாள் போதுமாக இருந்தது, எடுப்பதற்கு ஆண்டுக்கணக்கு ஆனது.

இதெல்லாம் காயத்தை ஆற்றுமா? இந்தக் கேள்வியில் நான் கொஞ்சம் பின்வாங்குவேன். ஆறியது என்று சொன்னவர்கள் உண்டு, பழைய வலி திரும்பக் கிளம்பியது என்று சொன்னவர்களும் உண்டு; ஆணையத்தின் அமர்வுகளில் மனநல உதவியாளர்களை வைத்திருந்ததே அதனால்தான். 'கலை குணப்படுத்தும்' என்று துண்டுப்பிரசுரத்தில் அச்சிடுகிறவர்கள் கொஞ்சம் நிதானிப்பது நல்லது.

உங்கள் ஆமைக்கு வருவோம். ஆணையம் பரிந்துரைகளாக விடுத்த 94 அழைப்புகளில் 82ஆவது, ஒவ்வொரு தலைநகரிலும் உறைவிடப் பள்ளி நினைவுச்சின்னம் வேண்டும் என்கிறது. ஒன்டாரியோவின் தலைநகர் என்ற முறையில் டொரண்டோவில் அதற்காக உழைத்தது டொரண்டோ கவுன்சில் ஃபயர் பூர்வகுடிப் பண்பாட்டு மையம். உயிர்பிழைத்தவர்கள் சொன்னதைக் கேட்டு வடிவமைத்த, ஆமை நிற்கும் அந்த 'ஆவித் தோட்டம்' (Spirit Garden) 2024 செப்டம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. ஆமையைச் செய்தவர் அனிஷினாபே சிற்பி சாலமன் கிங். இந்தக் கண்டத்தையே ஆமைத் தீவு என்று சொல்லும் மக்களின் ஆமை அது. நகரசபை இடமும் பணமும் கொடுத்தது உண்மை. ஆனால் முதலில் கேட்டது நகரசபை அல்ல, அங்கே என்ன நிற்கவேண்டும் என்று சொன்னதும் நகரசபை அல்ல. எனவே என் கணிப்பில் உங்கள் ஆமை கணக்கை முடிக்கும் சிலை இல்லை. நகரசபை அதை அப்படிப் பயன்படுத்தப் பார்க்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை, உறைவிடப் பள்ளிகளை நாடு நினைவுகூரும் செப்டம்பர் 30இல் அங்கே படம் எடுத்துக்கொள்ள அரசியல்வாதிகள் வருவார்கள்தான்.

டொரண்டோவில் இருப்பதால் நான் உங்களுக்குச் சொல்லும் அடுத்த இடம் பிரான்ட்ஃபோர்ட். அலர்ட் பே மக்கள் தங்கள் ஊர்ப் பள்ளிக் கட்டடத்தை 2015இல் இடித்தார்கள்; அதைப் பார்க்க உயிர்பிழைத்தவர்கள் திரண்டு வந்தார்கள். பிரான்ட்ஃபோர்டில் நேர்மாறாக நடந்தது. மோஹாக் நிறுவனத்தின் கூரை ஒழுகிக் கட்டடம் பாழானபோது, இடிப்பதா வைப்பதா என்று அந்தப் பகுதிப் பூர்வகுடிகளான சிக்ஸ் நேஷன்ஸ் மக்களிடம் கேட்டார்கள். 98 சதவீதம் பேர் வைக்கச் சொன்னார்கள், அது சாட்சியம் என்பதால். அந்த இடத்தை நடத்தும் வுட்லண்ட் பண்பாட்டு மையம் பல ஆண்டுகள் நிதி திரட்டிப் பழுதுபார்த்து 2025 செப்டம்பர் 30 அன்று அருங்காட்சியகமாகத் திறந்தது. பின்சுவர்ச் செங்கற்களில் பிள்ளைகள் தங்கள் பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். நான் பார்த்த உறைவிடப் பள்ளி நினைவுக் கலையில் யாருடைய நிதியும் அனுமதியும் இல்லாமல் செய்யப்பட்டது அது ஒன்றுதான். போகும் முன் வழிகாட்டியோடு சுற்றிக் காட்டும் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள், தனியாகச் சுற்றுவதைவிட அது நல்லது. சிறு பிள்ளைகளை அழைத்துப்போவதானால் எந்த அறைகளைத் தவிர்க்கலாம் என்று அங்கிருப்பவர்களிடமே கேளுங்கள், சொல்வார்கள். செங்கலைத் தொடாதீர்கள். படம் எடுக்கலாமா என்பதையும் முதலில் கேட்டுவிடுங்கள்.